மாப்பிள்ளைக் கதிரை

கல்முனைக்குடி
9 ஒக்டோபர் 2023

அன்பு மச்சான் றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பெண்சாதி, உன் றாத்தா, முந்திவிடுவாள். நேற்று, நீ அமெரிக்காவிலிருந்து வரைந்து அனுப்பிய கதிரைக்குள் நான் சிக்கிக்கொண்டேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவன், பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும்வரை எழும்பவில்லை.

கதிரையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம்முடைய தளபாடக் கடை ஓடாவி பாக்கியராசா மூன்று கிழமை மெனக்கெட்டு உன் படத்தில் உள்ளபடியே செய்திருந்தார். முதிரைப் பலகை, மருதமுனைத் தறியில் நெய்த நாடா குறுக்கும் நெடுக்கும் ஓடும் இருக்கை, உள்ளுக்கு வளைந்த இரண்டு கைகள். 'உட்கார்ந்து பார்த்து எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள்' என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்தேன். எழுதுகிறேன்.

அந்த நேரம் பார்த்தா முஸ்பிறா கடைக்குள் வரவேண்டும்? சாய்ந்தமருது முஸ்பிறாவைத்தான் சொல்கிறேன். அவள் மகன் முஸ்தாக்குக்கும் என் மூத்த மகள் ஆதிலாவுக்கும் கலியாணப் பேச்சு நடப்பது உனக்குத் தெரியும். பெண் வீட்டில் போடப்போகும் கட்டிலை மாப்பிள்ளையின் உம்மா முன்கூட்டியே கடைக்கு வந்து தட்டிப் பார்ப்பது இப்போதைய நாகரிகம். நான்கு கட்டிலைத் தட்டினாள், ஒரு அலுமாரியைத் திறந்து மணந்து பார்த்தாள், பிறகு என்னைக் கண்டாள்.

"என்ன, ஒழும்பாமலே இருந்து கதைக்கிறீங்க?"

"ஏலாம கிடக்கு தங்கச்சி. கதிரை விடுகுதில்ல."

ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "அல்லாஹ்வே! புது மாப்பிள்ளை மாதிரியெல்லோ குந்திட்டு இரிக்கிறாரு!"

பாக்கியராசா கையைப் பிடித்து இழுத்தார். தேங்காயெண்ணெய் தடவினார். "முதலாளி, மூச்ச உள்ளுக்கு இழுங்க" என்றார். மூச்சை இழுத்தால் வயிறு உள்ளே போகும், இடுப்பு எங்கே போகும்? கடைசியில் மனிதன் மரம் அறுக்கும் வாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கைய அறுப்பம்."

"யார்ர கைய?"

"கதிரைட."

வாளைக் கண்டதும் உடம்பு தானாக இளைத்து, நான் வெளியே நின்றேன்.

இதையெல்லாம் வட்ஸ்அப்பில் சொல்லாமல் ஈமெயிலில் எழுதுவதன் காரணம் உனக்கே விளங்கும். என் போனுக்கு வரும் குரல்களை உன் றாத்தா றாஹிலா மீன் வெட்டியபடி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாள். அயல் முழுக்கக் கேட்கும். ஈமெயில் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே அறை இந்த ஈமெயில்தான், மச்சான்.

அபுல் ஹஸன்


கிளீவ்லன்ட்
15 ஒக்டோபர் 2023

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். சிரிக்கவேண்டிய இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைகளுக்கு நடுவே ஐம்பத்துநான்கு சென்டிமீட்டர் விட்டிருந்தேன். பாக்கியராசா அண்ணன் குறைத்துவிட்டாரா, அல்லது நீங்கள்... கோபிக்க வேண்டாம். உங்கள் இடுப்பை அளந்து அனுப்புங்கள். பகிடிக்குக் கேட்கவில்லை.

இங்குள்ள நிலைமையை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கிரீன் கார்ட் குலுக்கலில் விழுந்து வந்தவன் பெரிய தளபாட வடிவமைப்பாளன் என்றுதான் றாத்தா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா. பகலில் எனக்கு ஒரு களஞ்சியத்தில் வேலை. பெட்டிக்குள் பலகை, பலகைக்கு மேல் ஆணிப் பை, அதற்கு மேல் படம் போட்ட தாள். வாங்குகிறவர்கள் வீட்டில் தாங்களே பூட்டிக்கொள்ளும் மேசைகள். ஐந்து வருடமாக மேசை கட்டுகிறேன், ஒரு மேசையைக்கூட முழுதாகக் கண்டதில்லை.

பின்னேரம்தான் எனக்கு உயிர் வரும். ஒரு பழைய பொத்தான் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியை, தளபாடம் செய்கிற பதினொரு பேர் பங்குபோட்டு எடுத்திருக்கிறோம். மரம் அறுக்கும் மெஷின் பொது. கோப்பிச் சட்டி பொது. தரைப் பலகை இடுக்குகளில் இன்னும் பொத்தான் அகப்படும். பொறுப்பாக இருப்பவ டெலோரிஸ் என்று ஒரு அம்மா. ஓய்வுபெற்ற பஸ் சாரதி, முக்காலி மட்டும்தான் செய்வா. உங்களைவிட ஒரு சுற்றுப் பெரிய உருவம், அதே அளவு நல்ல மனம்.

இப்போது கட்டடக்காரன் பாதி மாடியைத் திருப்பிக் கேட்கிறான். ஐந்து பட்டறை மேசைகள்தான் மிஞ்சும். நவம்பரில் ஒரு வெள்ளி பின்னேரம் கதவைத் திறந்து அக்கம்பக்கத்தாரை அழைக்கப்போகிறோம். ஆளுக்கொரு பொருளை வைக்கவேண்டும், பக்கத்தில் அதன் கதையை எழுதிய அட்டை வைக்கவேண்டும். வருகிறவர்கள் பார்த்து, உட்கார்ந்து, சீட்டுப் போடுவார்கள். கூடுதலாக விழும் ஐந்து பேருக்கு இடம். மற்றவர்களுக்கு இல்லை. எனக்கு அந்த இடம் போனால் ஆணிப் பை மட்டும்தான் மச்சான், காலையும் ஆணிப் பை, பின்னேரமும் ஆணிப் பை.

ஹொலிஸ் என்கிற பெடியன் செய்த, மூன்று பேர் குந்தும் வாங்கு அவன் பாட்டனாரின் வைக்கோல் கொட்டில் பலகை. இன்னொருத்தியின் மேசை எரிந்துபோன தேவாலயத்தின் மரம். இங்கே மரத்தைவிட மரத்தின் கதைக்குத்தான் மெருகு அதிகம். நான் வைக்கப்போவது அதே கதிரைதான், அதன் பலகை கடையில் வாங்கியது. நான் என்ன எழுத?

கைகளை இன்னும் விரிக்கப்போகிறேன். அளவை அனுப்புங்கள்.

றிஸ்மி


கல்முனைக்குடி
22 ஒக்டோபர் 2023

மச்சான்,

பாக்கியராசா அளவு நாடாவைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிப் பிடித்தார். பிறகு கதிரையைப் பிடித்தார். பிறகு திரும்பவும் என்னைப் பிடித்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த இலக்கத்தை நான் எழுதமாட்டேன். ஐம்பத்துமூன்று வயது மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. நீ கதிரையை மாற்றாதே. ஒருவன் சிக்கினான் என்பதற்காக ஊருக்கெல்லாம் கதிரையை அகலிப்பார்களா?

இங்கே முஸ்பிறா கட்டிலைத் தட்டிப் பார்த்த கையோடு எங்கள் வீட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பேச்சு ஒப்பேறினால் வழக்கப்படி இந்த வீடு ஆதிலாவுக்கு. முஸ்தாக் சோடிச்ச காரில் வந்து முன்வாசலால் இறங்குவான். உன் றாத்தாவும் நானும் பின்வாசலால் இறங்கி, குசினிக்குப் பின்னால் கட்டிப் பூசாமல் கிடக்கும் இரண்டு அறைக்குள் போகவேண்டும். உன் உம்மா வாப்பா எங்களுக்குச் செய்ததை நாங்கள் மகளுக்குச் செய்கிறோம். குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார்: இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் இந்த வீட்டுக்குள் ஒரு சூட்கேஸும் இரண்டு சாரனுமாக வந்தேன். படுத்த கட்டில் றாஹிலாட. உண்ட மேசை றாஹிலாட. விறாந்தைக் கதிரையில் காலை நீட்டினால், "அது எங்கட உம்மா தந்த கதிரை, காலை எடுங்க" என்பாள். ஊருக்கே தளபாடம் விற்கிறவன் நான். கடையில் உள்ளது விற்க, வீட்டில் உள்ளது சீதனம். என்னுடையது என்று குந்த ஒரு பலகை இல்லை.

இதை வாசித்துச் சிரி. நான் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அபுல் ஹஸன்


கிளீவ்லன்ட்
19 நவம்பர் 2023

மச்சான்,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஏசுவதென்றால் கடைசியில் ஏசுங்கள்.

கைகளை அறுபதுக்கு விரித்தேன். கதிரை கொட்டாவி விட்ட மாதிரி ஆகிவிட்டது. வெள்ளி வந்தது. அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை. கதவு திறக்கச் சற்று முன்னர் டெலோரிஸ் வந்து, "இதில் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா?" என்று கேட்டா. என் மச்சான் ஊரில் உட்கார்ந்தார், மத்தியானம் உட்கார்ந்தவர் பின்னேரம்வரை எழும்பவில்லை என்றேன். அது உண்மைதானே.

"ஏன் எழும்பவில்லை?"

சிக்கிக்கொண்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆளை விடாத கதிரைக்கு யார் சீட்டுப் போடுவார்கள்? அப்போது உங்கள் கடிதம் தலைக்குள் நின்றது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு என்றேன். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான் என்றேன். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று தானாக வந்தது. அதனால் மாப்பிள்ளை கலியாணத்தன்று ஒரு கதிரையைக் கொண்டு போவான், அந்த வீட்டில் அது ஒன்றுதான் அவனுடையது, அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், அவன் அதில் இருக்கும்போது யாரும் அவனைக் கூப்பிடவும் மாட்டார்கள் என்றேன். பெயர் கேட்டா. முஸ்பிறா உங்களைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது. மாப்பிள்ளைக் கதிரை என்றேன்.

டெலோரிஸ் தன் கையாலேயே அட்டையை எழுதினா. அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்ல? ஒரு கிழவர் அரை மணித்தியாலம் உட்கார்ந்தார், மனைவி பக்கத்தில் நின்றா, கூப்பிடவில்லை. ஒரு பெண் அழுதா. கொட்டில் பலகையும் எரிந்த தேவாலயமும் என் பொய்க்குப் பின்னால் நின்றன. எனக்கு ஜன்னலோரப் பட்டறை கிடைத்தது. ஹொலிஸுக்கு இடமில்லை. போகும்போது எனக்குக் கைதந்து, "உன் கதை உண்மையானது" என்றான்.

இது மட்டும் என்றால் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, தௌபாச் செய்துவிட்டு இருந்திருப்பேன். டெலோரிஸின் மகள் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவள். இரண்டு பேரும் ஜூன் கடைசியில் அறுகம்பேக்கு வருகிறார்களாம். "கல்முனை பக்கம்தானே? அந்தக் கதிரைகளை ஒரு நாள் பார்க்காமல் வரமாட்டேன்" என்கிறா. ஏரிப் பக்கமிருந்து குளிர் வீசத் தொடங்கிவிட்டது, ஜன்னலைப் பூட்டி நாடா ஒட்டியாகிவிட்டது. உள்ளே நானும் அந்த அட்டையும். பொய் என்று தெரிந்தால் இடம் போகும், முகமும் போகும். என்ன செய்ய?

றிஸ்மி


கல்முனைக்குடி
26 நவம்பர் 2023

என் தங்கமான பொய்க்காரனுக்கு,

முதலில் என் மனமார்ந்த பாராட்டு. வாழ்நாள் முழுக்க ஊரைப் பகிடி பண்ணிய எனக்கு இப்படி ஒன்று வாயில் வரவில்லையே என்ற பொறாமையில் இரண்டு நேரம் சோறு இறங்கவில்லை.

வழி சின்னது. ஐந்தாறு வீட்டு ஹோலில் ஐந்தாறு கதிரையைப் போட்டு வைப்போம். உன் அம்மா வருவா, பார்ப்பா, படம் எடுப்பா, போவா. பிறகு கதிரைகளைக் கடைக்கு எடுத்துவிடலாம். விஷயம் வெளியே போகாது. நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், அதுவும் செய்கிறவர் அவர் என்பதால். பாக்கியராசா. "முதலாளி, தலைபோனாலும் வாய் திறக்கமாட்டன்" என்றார். அன்று பின்னேரமே அவருடைய ஊர் பாண்டிருப்பில் தெரியும். அடுத்த நாள் மீன்காரன் வழியாக உன் றாத்தாவுக்குத் தெரியும். பொய் என்ற பகுதி மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

மீன் வெட்டிய கத்தியோடு வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை கதிரை கொண்டு வாற வழக்கம் ஒண்டு இரிக்காமே. நீங்க ஏன் கொண்டு வரல்ல?"

பொய் என்று சொல்ல வேண்டுமானால் உன்னைச் சொல்லவேண்டும். உன்னைச் சொன்னால் ஈமெயிலைச் சொல்லவேண்டும். ஈமெயிலைச் சொன்னால் எனக்கிருக்கும் ஒரு அறையும் போய்விடும்.

"மறந்துட்டன்" என்றேன்.

"இருவத்தாறு வருசமாவா?"

அபுல் ஹஸன்


கிளீவ்லன்ட்
5 டிசம்பர் 2023

மச்சான்,

ஆலோசனை கேட்டேன். தொழிற்சாலை திறக்கச் சொல்லவில்லை. என் றாத்தாவையும் இதற்குள் இழுத்துவிட்டீர்கள். உங்களுக்கு எல்லாம் பகிடி. இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது.

டெலோரிஸ் அதே கதிரையில் இன்னும் பன்னிரண்டு செய்யச் சொல்லியிருக்கிறா. சுவரில் சாய்த்து வைக்கும் ஒரு புத்தகத்தட்டு வரைந்து காட்டினேன். 'அழகாயிருக்கிறது, இதுவும் கலியாணத்துக்குக் கொண்டு போவதா?' என்று கேட்டார்கள்.

கொஞ்ச நாளைக்கு எழுதவேண்டாம்.

றிஸ்மி


கல்முனைக்குடி
11 பெப்ரவரி 2024

மச்சான்,

எழுதவேண்டாம் என்றாய், இரண்டு மாதம் எழுதவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு காலம் நான் வாயை மூடியிருந்தது கிடையாது. உன் றாத்தா எனக்கு தண்ணீர் ஓதித் தரப் பார்த்தாள். இடையில் வெள்ளம் வந்து போனது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்களைக் கட்டில்களின் மேல் ஏற்றினோம். உன் கதிரையைப் பாக்கியராசா மேசைக்கு மேல் தூக்கி வைத்தார், நனையவில்லை.

இப்போது எழுதாமல் இருக்க முடியாத விஷயம். சென்ற ஞாயிறு முஸ்பிறா கலியாணப் பேச்சை முடிக்க வந்தாள். கூடவே நம்முடைய அப்துல் ஸமட் சேரைக் கூட்டி வந்திருந்தாள். ஓய்வுபெற்ற வாத்தியார், ஊரில் எதைக் காட்டிக் கேட்டாலும் ஒல்லாந்தர் காலம் என்பார், போன வருடம் கட்டிய பாலத்தைக்கூட.

முஸ்பிறா ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஹோலுக்கு மாபிள். மேல்மாடிக்கு ஏசி. தேக்குக் கட்டில், மூன்று கதவு அலுமாரி, சோபா செட். நான் தளபாடக்காரன் என்பதால் ஏதோ எல்லாம் என் தோட்டத்தில் காய்க்கிற மாதிரி. றாஹிலா பிளேன்டியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓம்கா, ஓம்கா" என்றாள். முஸ்பிறாவின் கைவிரல் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாம் செய்வம். மாப்பிள்ளைட கதிரை எப்ப வரும்?"

"என்ன கதிரை?"

"மாப்பிள்ளைக் கதிரை. பழைய வழக்கமெல்லோ." முஸ்பிறாவை ஒரு மிடறு குடிக்க விட்டுச் சொன்னாள்: "உங்கட குடியில இல்லியா? இல்லாட்டிப் பரவாயில்ல."

மச்சான், உலகத்தில் எதை வேண்டுமானாலும் முஸ்பிறாவிடம் சொல்லலாம். உங்கள் குடியில் இல்லையா என்று மட்டும் கேட்கக்கூடாது. முகம் சிவந்தது. கோப்பையைத் தட்டத்தில் வைத்த சத்தம் வீதிக்குக் கேட்டது.

"இல்லாமலா? எங்கட குடியிலதான் அது தொடங்கினதே. நாங்க தேக்குலதான் கொண்டு போற. கண்ட கண்ட பலகையில கொண்டு போறல்ல."

அப்துல் ஸமட் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் வந்தது:

"ஒல்லாந்தர் காலத்து வழக்கம்."

வாக்குக் கொடுத்தாயிற்று. முஸ்தாக் ஒரு கதிரையோடு வருகிறான். அவள் எழும்பிப் போகும்போது என் காதுக்குக் கிட்ட வந்து, "அந்தக் கதிரை உங்கட கடையிலதான் விக்கிறயாம். கொஞ்சம் அகலமாச் செய்யச் சொல்லுங்க, நீங்க சிக்கின மாதிரி எங்கட புள்ளையும் சிக்கப்படாது" என்றாள்.

நேற்று மட்டும் மூன்று பெண்களின் உம்மாமார் கடைக்கு வந்து விசாரித்தார்கள். கதிரை கேட்கும் அவர்களின் முகத்தில் உள்ள சந்தோசத்தை நீ பார்க்கவேண்டும். இவ்வளவு காலமும் கேட்கிற பக்கம் மாப்பிள்ளை வீடுதானே.

உனக்கு இன்னும் கோபமா? ஒரு வரி எழுது.

அபுல் ஹஸன்


கிளீவ்லன்ட்
20 ஏப்ரல் 2024

மச்சான்,

பெருநாளுக்கு உங்கள் மூன்று தவறிய அழைப்பையும் கண்டேன். ஸ்பீக்கரில் றாத்தா இருப்பா என்று எடுக்கவில்லை. கோபமில்லை. கோபிப்பதற்கும் ஒரு இடம் வேண்டும், எனக்கு இப்போது இருபக்கமும் கதிரை.

பன்னிரண்டும் போய்விட்டது. இன்னும் கேட்கிறார்கள். ஜன்னலோரப் பட்டறை கிடைத்த நாளிலிருந்து நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. களஞ்சியத்தில் ஒரே மாதிரிப் பெட்டி, இங்கே ஒரே மாதிரிக் கதிரை. அங்கே கதை இல்லை, இங்கே கதை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முஸ்பிறா வீட்டுச் சங்கதியை வாசித்துச் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன், ஹொலிஸின் பழைய இடத்தில் வெறும் சுவர் அதை எதிரொலித்தது. பிறகு பயம் வந்தது. டெலோரிஸ் டிக்கெட் எடுத்துவிட்டா. வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று போன வியாழன் கோப்பி ஊற்றிக்கொடுத்து உட்கார வைத்தேன்.

"அந்தக் கதிரை வழக்கம் பற்றி ஒன்று சொல்லவேண்டும்" என்றேன்.

டெலோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டா. "சொல்லவேண்டாம் மகனே. உனக்கு இன்னும் கலியாணமாகவில்லை, உனக்கென்று கதிரை இல்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றா.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?

அவ வந்தால் நீங்கள் அளவோடு கதையுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். என் இடம் உங்கள் வாயில் இருக்கிறது.

றிஸ்மி


கல்முனைக்குடி
4 ஜூலை 2024

அன்பு மச்சான்,

உன் இடம் பத்திரம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசி.

ஞாயிறு ஆதிலாவின் கலியாணம் அல்ஹம்துலில்லாஹ் நல்லபடி முடிந்தது. உன் டெலோரிஸும் மகளும் அறுகம்பேயிலிருந்து வான் பிடித்து, தலையில் முக்காடு போட்டு, பத்து மணிக்கே வந்து நின்றார்கள். பெரிய மனுசிதான். பாதி திறந்திருந்த கேற்றால் பக்கவாட்டாகத்தான் உள்ளே வந்தா. பெண்டுகள் பிடித்துக்கொண்டு போய் மருதோன்றி வைத்து, பிரியாணி தீத்தி, கையில் ஒரு குழந்தையையும் கொடுத்துவிட்டார்கள்.

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை வந்தான். முதலில் பைக்குகள், பிறகு சோடிச்ச கார், அதற்குப் பின்னால் ஒரு சின்ன லொறி. லொறியில் பூமாலை போட்டு, குடை பிடித்து, தனியாக ஒரு கதிரை. சுத்தத் தேக்கு. முஸ்பிறாவின் சகோதரர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கினார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் கதிரை உள்ளே போனது. டெலோரிஸ் படம் எடுக்க மறந்துபோய் அழுதா. அப்துல் ஸமட் சேர் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் விளக்கம் கொடுத்தார். முந்நூறு வருடம் என்றார். நான் அளவோடு கதைத்தேன், மச்சான். உண்மையில் எனக்குக் கதைக்க இடமே கிடைக்கவில்லை.

இதில் ஒரு விநோதம், இப்போது இது பொய் என்று சொன்னால் என்னைத்தான் ஊர் பைத்தியம் என்னும். இந்த வருடத்துக்கு மட்டும் ஒன்பது கதிரைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாக்கியராசா, காரைதீவுப் பக்கமும் இதே வழக்கம் முந்தி இருந்தது, இடையில் விட்டுப்போச்சு என்று கண்ணீர் மல்கச் சொல்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னதே நான்தான்.

திங்கள் டெலோரிஸ் கடைக்கு வந்தா. முதல் கதிரையைப் பார்க்கவேண்டும் என்றா. மூலையில் கிடந்ததை இழுத்துத் துடைத்துப் போட்டேன். நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, நீ அங்கே செய்வதைவிட இதுதான் வடிவு, கைகள் அணைக்கிற மாதிரி இருக்கின்றன, நீ ஏன் அவற்றை விரித்தாய் என்று கேட்டா. நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டா. பாக்கியராசா வாளைத் தேடிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் டெலோரிஸ் எழும்பி நின்று பாவாடையைத் தட்டிக்கொண்டிருந்தா. என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வையை முன்பு ஒருமுறை பாக்கியராசாவின் முகத்தில் கண்டிருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுசி.

நாங்கள் பின்னறைக்கு மாறிவிட்டோம். ஹோலில் முஸ்தாக் தன் தேக்குக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான். ஆதிலாகூடக் கூப்பிடுவதில்லை. நான் அவனைத் தாண்டிக் குசினிக்குப் போகும்போது கால்விரலில் நடக்கிறேன்.

நேற்று உன் றாத்தா கேட்டாள்: "எல்லாரும் கொண்டு வாறாங்க. உங்கடயக் கடையில என்னத்துக்குப் போட்டு வச்சிருக்கீங்க? எடுத்துட்டு வாங்களன்."

இருபத்தாறு வருடம் பிந்திய மாப்பிள்ளையாக, கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசலால் வந்தேன். பூமாலை இல்லை, குடை இல்லை, ஒரு பூனை மட்டும் கூடவே வந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வைத்தேன், அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. கைகால் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், றாஹிலா அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அது..." என்றேன்.

"இதில இரிக்கிற ஆளக் கூப்பிடப்படாதெண்டுதானே சட்டம்?" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மீன் வெட்டாமல், கோப்பை கழுவாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததை நான் முதல்முதலாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை. இன்று காலையும் அவள்தான். இதை நான் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் குந்தியிருந்து எழுதுகிறேன்.

நீ இனி அந்தப் புத்தகத்தட்டைச் செய். கதை வேண்டுமென்றால் எனக்கு எழுது, ஒன்று அனுப்புகிறேன்.

அபுல் ஹஸன்

பின்குறிப்பு: கைகளை மறுபடி ஐம்பத்துநான்குக்கே கொண்டு வா. உன் அளவு சரி. அன்று பாக்கியராசா அளந்தபோது என் இடுப்புக்கும் கதிரைக் கைக்கும் நடுவே இரண்டு பக்கமும் மூன்று விரல் புகுந்தது. நான் சிக்கவில்லை மச்சான், எழும்பவில்லை.